உலோகம் கலந்தது, ஊர் கலந்ததா?

1930-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள். இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர்களில் ஆதிக்கச் சாதியினர் கூடிப் பேசி, ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது. ஆடவர் ஆடை முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. சட்டை கூடாது. கிராப்பு கூடாது. பெண்டிர் மேலாடை அணியலாகாது, பூச்சூடலாகாது. குடையும் செருப்பும் ஆகவே ஆகா. இந்தப் பட்டியலின் நடுவிலே, ஐந்தாவதாக, ஒரு தடை: வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாண்டம் புழங்கக் கூடாது!

மீறியோர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன. ஆடுமாடுகள் கொள்ளை போயின. ஆறு திங்கள் சென்றபின், 1931 ஜூனில், எட்டுத் தடை பதினொன்றாகப் பெருகிற்று. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. பாண்டத்தைப் பற்றியும் இம்முறை ஐயத்துக்கு இடமின்றி விளக்கிவிட்டார்கள்: பெண்கள் தண்ணீர் எடுப்பது மண்குடத்தில்தான் இருக்கவேண்டும்; செம்புக் குடமோ பித்தளைக் குடமோ தலையில் ஏறக் கூடாது. குடத்தைத் தாங்கும் சும்மாடுகூட வைக்கோலாக இருக்கவேண்டும், துணியாக இருக்கலாகாது. 1931 மக்கட்தொகைக் கணக்கெடுப்பின் தலைமை அலுவலராக இருந்த ஹட்டன், இந்தியச் சாதிகளைப் பற்றிய தம் நூலில் இத்தடைகளை ஒவ்வொன்றாகப் பதிந்து வைத்திருக்கிறார்.

இதைப் படிப்போர் மேலாடைத் தடையில் நெஞ்சு கொதிப்பர். படிப்புத் தடையில் பல்லைக் கடிப்பர். குடத்தைச் சின்னச் செய்தி என்று கடந்துவிடுவர். நாம் அந்தக் குடத்தின் அருகிலேயே சற்று நிற்க விரும்புகிறோம். பித்தளை என்பது என்ன? செம்பும் துத்தநாகமும் சேர்ந்து உருகிய ஒரு கலப்பு, வேறொன்றுமில்லை. அது ஓர் ஏழைப் பெண்ணின் இடுப்பில் ஏறினால் ஊர் ஏன் பதறவேண்டும்? இதற்கு விடை காண உலோகத்தின் கதையையும் பார்க்கவேண்டும். ஊரின் கதையையும் பார்க்கவேண்டும்.

முதலில் உலோகம். தனிச் செம்பு மென்மையானது. அதனாற் செய்த அரிவாள் சில அரிகளை அறுப்பதற்குள் மழுங்கிவிடும். வெள்ளீயமோ அதைவிட மென்மை. மெல்லிய கம்பியானால் கையாலேயே வளைக்கலாம். மென்மையோடு மென்மையைச் சேர்த்தால் மென்மைதானே வரவேண்டும்? வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டால் பிள்ளைகள் தயங்காமல் ஆம் என்பார்கள். ஆனால், ஒன்பது பங்கு செம்போடு ஒரு பங்கு வெள்ளீயத்தை உருக்கிச் சேர்த்தாற் பிறக்கும் வெண்கலம், தாய் தந்தை இருவரையும்விடக் கடினமாக நிற்கிறது. செம்பின் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்தவை. சம்மட்டி அடி விழுந்தால் ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். செம்பணுவைவிடப் பருத்த வெள்ளீய அணு ஆங்காங்கே அவ்வடுக்குகளில் இடம் பிடித்துக்கொண்டால் வழுக்கல் தடைபடுகிறது. வெளியிலிருந்து வந்து உட்கார்ந்தவன்தான் உள்ளிருந்தவனுக்கு உறுதி தருகிறான்! மேலும், தனிச் செம்பு உருக 1085 சென்டிகிரேடு பாகை வெப்பம் வேண்டும். வெண்கலம் அதற்குமுன்பே இளகி, அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். செம்பை மட்டும் தூயதாக வைத்திருந்த சமூகம் உளியும் வாளும் நன்கு கண்டதில்லை.

வெண்கலத்துக்கு வேறொரு தொல்லை உண்டு. செம்பு கிடைக்கும் நிலத்தில் வெள்ளீயம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆகவே, ஓர் ஊர் மற்றோர் ஊரை நாடித்தான் ஆகவேண்டும். துருக்கி நாட்டின் தென்கரையில் உளுபுருன் என்னும் முனையருகே, 1982-ஆம் ஆண்டு கடற்பஞ்சு எடுக்கக் குதித்த ஒரு மூழ்காளி கண்டுபிடித்த கப்பல் இதற்குச் சான்று. கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூழ்கிய கப்பல் அது. அதன் வயிற்றில் ஏறத்தாழ பத்து டன் செம்பும் ஒரு டன் வெள்ளீயமும் இருந்தன. செம்பு சைப்ரஸ் தீவுக்குரியது. வெள்ளீயம் வேறு நாட்டது. பத்துக்கு ஒன்று! வெண்கலம் வார்ப்பவன் கேட்கும் அதே விகிதம். மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் மொழி கடந்து, கடல் கடந்து, இனம் கடந்து கொடுத்து வாங்கியதால்தான் வெண்கலக் காலம் என்று ஒரு காலம் வரலாற்றில் வந்தது.

இடையே ஒன்று சொல்லவேண்டும். இதுபோன்ற ஏடுகளை ஒரு காலத்தில் அச்சேற்றிய ஈய எழுத்துகளும் கலப்பு உலோகமே. காரீயத்தோடு வெள்ளீயமும் ஆண்டிமனியும் சேர்த்து அவற்றை வார்த்தார்கள். காரீயம் தனியே இருந்தால் அச்சுப்பொறியின் அழுத்தத்தில் நசுங்கும். உறையும்போது சுருங்கி வடிவும் கெடும். ஆண்டிமனி சேர்ந்ததும் எழுத்தின் விளிம்பு கூர்மையாக நின்றது. எழுத்தைக் காதாற் கேட்கவும் உரிமையில்லை என்று ஒதுக்கப்பட்டோர் கைக்குப் புத்தகம் போய்ச் சேர்ந்ததில் அந்தக் கலவைக்கும் பங்கு உண்டு. நிற்க.

நம் நாட்டுக்கு வருவோம். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர். 1876-ஆம் ஆண்டு ஜெர்மானியரான யாகோர் அங்கே தோண்டினார். அவர் எடுத்தவை பெர்லின் நகருக்குச் சென்றன. பிறகு 1899 முதல் அலெக்சாந்தர் ரீ தோண்டினார். அவர் எடுத்தவற்றுட் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. முதுமக்கள் தாழிகளோடு இரும்புக் கருவிகள், பொற்பட்டங்கள், வெண்கலக் கலங்கள் கிடைத்தன. கலங்களின் மூடிகளிலே பறவையும் விலங்கும் அழகழகாக அமர்ந்திருக்கின்றன. நீலகிரியின் கல்வட்டப் புதைகுழிகளிலிருந்தும் இவ்வாறே கிண்ணங்கள் கிடைத்து, லண்டனுக்குப் போயிருக்கின்றன. நம் முன்னோரின் கிண்ணத்தைக் காணக் கப்பலேறவேண்டிய நிலை பற்றி வேறொரு நாள் பேசலாம்.

இக்கலங்களிற் சிலவற்றை ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. அவற்றில் வெள்ளீயம் நூற்றுக்கு இருபது பங்குக்கும் மேல் இருந்தது. உலோக நூல் கற்றவர்க்கு இது வியப்பு. ஏனென்றால் அவ்வளவு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலத்தை வார்த்து மெல்ல ஆறவிட்டால், உள்ளே உலோகம் இரு கூறாகப் பிரிந்து, ஒரு கூறு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெறும். தட்டினால் உடையும். அப்படியிருக்க, முட்டையோடு போன்ற மெல்லிய கிண்ணத்தை எப்படித் தட்டி எடுத்தார்கள்? செங்கனலாகப் பழுக்கும் வெப்பத்தில் மட்டும் அந்த உலோகம் இளகிக்கொடுக்கும். அந்த வேளை பார்த்து அடித்தார்கள், ஆறத் தொடங்கினால் நிறுத்தினார்கள், மீண்டும் நெருப்பிலிட்டார்கள், மீண்டும் அடித்தார்கள். வடிவம் வந்ததும், செஞ்சூட்டிலேயே நீரில் தோய்த்தார்கள். இரு கூறாகப் பிரிய நேரமில்லாமல் உலோகம் உறைந்துபோயிற்று. எஃகைச் சுட்டு நீரில் தோய்த்தால் அது கடினமாகும், கூடவே நொறுங்கும் தன்மையும் பெறும் என்பது கொல்லன் அறிந்தது. இந்த வெண்கலத்திலோ நேர் எதிர்: தோய்த்தாற்றான் நொறுங்காது! எஃகின் பாடத்தை மனப்பாடமாக ஒப்பித்தவனுக்கு இது கைகூடியிராது. வெப்பமானி கிடையாது, நெருப்பின் நிறமே வெப்பமானி. எழுதப்பட்ட சூத்திரமும் கிடையாது. கண்டு, செய்து, கெடுத்து, திருத்தி, மறுபடியும் செய்து பார்த்த மனிதர்களின் அறிவு அது. இதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லையென்றால் வேறு எதற்கு அப்பெயர்?

தட்டினால் நெடுநேரம் முழங்கும் இயல்பும் இக்கலவைக்கு உண்டு. ஆலயத்து மணியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. மணியின் ஓசை மதிலைத் தாண்டிச் சேரிவரைக்கும் தடையின்றிச் சென்றது. சேரியிலிருந்து மதிலுக்குள் வருவதற்கு மட்டும் 1939-ஆம் ஆண்டு மதுரையிலே ஒரு போராட்டம் தேவைப்பட்டது.

இந்த அறிவுடையோரை ஊர் எப்படி வைத்திருந்தது? கொங்கு நாட்டுக் கருவூர்க் கோயிலிலே ஒரு கல்வெட்டு இருக்கிறது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டம் பூண்ட அரசன், வெங்கால நாட்டுக் கண்மாளருக்குச் சில உரிமைகள் அளித்ததை அது சொல்கிறது. என்ன உரிமைகள் தெரியுமா? நாடாளும் உரிமையா? நிலமா? இல்லை. நல்லது கெட்டதுகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பறை கொட்டிக்கொள்ளலாம், வெளியே போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ளலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். இவற்றை அரசன் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், அதுவரை இவை இல்லை என்பதுதானே பொருள்? கடவுளின் திருமேனியை வார்த்த காலுக்குச் செருப்பு அணிய அரசனின் ஆணை வேண்டியிருந்திருக்கிறது.

திருமேனி என்றதும் ஐம்பொன் நினைவுக்கு வரும். செம்பு, பொன், வெள்ளி, பித்தளை, ஈயம் ஐந்தும் அளவாகக் கலந்தால் தெய்வ ஆற்றல் தங்கும் என்று கதை கேட்டிருப்பீர்கள். சோழர் காலப் படிமங்களைச் சோதித்தவர்கள் கண்டது பெரும்பகுதி செம்பு. அதோடு வெள்ளீயமும் காரீயமும். பொன்னும் வெள்ளியும் மிகமிகச் சிறு அளவே. காரீயம் ஏன்? உருகிய உலோகம் தடையின்றி ஓடி, மெழுகு உருகி விட்டுச்சென்ற நுண்ணிய வெற்றிடங்களில் எல்லாம் புக வேண்டும். அதற்கு அது துணை. நடராசனின் விரிசடை அவ்வளவு நுட்பமாக அமைந்தது அந்த ஈயத்தின் ஓட்டத்தாலும், அதை அறிந்து சேர்த்த கையாலும். அந்தக் கையை வணங்க நமக்குத் தடையில்லை.

இனிப் பித்தளை. வெண்கலத்தைவிட இதன் பிறப்பு கடினமானது. துத்தநாகம் 907 பாகையிலேயே ஆவியாகிவிடும். அதன் தாதுவிலிருந்து அதைப் பிரித்தெடுக்கவோ அதைக் காட்டிலும் மிகுந்த வெப்பம் வேண்டும். எனவே திறந்த உலையில், பிறந்த கணமே துத்தநாகம் புகையாகப் பறந்து போகும். உரோமர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டனர்: செம்புத் துண்டு, துத்தநாகத் தாது, கரி மூன்றையும் மூடிய மூசையில் வைத்துச் சுட்டால், வெளியேற வழியற்ற ஆவி செம்புக்குள்ளேயே புகுந்து அதைப் பித்தளையாக்கும். துத்தநாகத்தைத் தனியே கண்ணாற் காணாமலே பித்தளை செய்த விந்தை இது.

அந்த ஆவியைப் பிடித்து உலோகமாகவே கையில் எடுத்தவர்கள் இராசத்தானத்தில் சாவர் என்னும் ஊரின் தொழிலாளிகள். கத்தரிக்காய் வடிவில் மண்கலங்கள் செய்து, அவற்றுள் தாதும் கரியும் அடைத்து, ஓர் உலையில் முப்பத்தாறு கலங்களைத் தலைகீழாக நிறுத்தினர். நெருப்பு மேலே, குளிர்ந்த அறை கீழே. ஆவி மேலே போக வழியின்றிக் குழாய் வழியே கீழே இறங்கி, குளிர்ந்து, துளித்துளியாகத் துத்தநாகமாயிற்று. பலநூறு ஆண்டுகள் அங்கே இத்தொழில் பெருமளவில் நடந்தது. வேலை முடிந்த வெற்றுக் கலங்களைக் கொண்டே அவ்வூரார் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அச்சுவர்கள் இன்றும் இருக்கின்றன. ஐரோப்பாவில் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் சாம்பியன், ஆவியைக் கீழே இறக்கும் இதே வகை முறைக்கு உரிமம் பெற்றது 1738-இல். சாம்பியனின் பெயர் நமக்குக் கிடைக்கிறது. சாவரின் தொழிலாளியின் பெயர் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆலைகளின் செம்புத் தகடும் பித்தளைத் தகடும் நம் துறைமுகங்களில் வந்திறங்கின. கன்னாரின் கை அவற்றைக் குடமாக்கிற்று, குத்துவிளக்காக்கிற்று, அண்டாவாக்கிற்று. மண்குடம் விழுந்தால் ஓடு. பித்தளைக் குடம் விழுந்தால் ஒரு நசுங்கல். மண்குடத்தை விற்க முடியாது. பித்தளைக் குடத்தை மழையில்லாத ஆண்டில் அடகு வைக்கலாம். பாட்டியின் குடம் பேத்தியின் சீராகும். உடைந்து ஓட்டையானாலும் எடைக்கு விலையுண்டு. தெருவில் ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவி வந்தவன் வாங்கிச்சென்றதும் மீண்டும் உலைக்குத்தான் போயிற்று. சுருங்கச் சொன்னால், பித்தளைக் குடம் ஏழையின் வங்கி. நிலம் வாங்க வழியற்றவனுக்கும், நகை அணிய விடப்படாதவளுக்கும், வியர்வையைச் சேர்த்துவைக்க அடுக்களையில் ஒரு மூலை கிடைத்தது. இலங்கையிலும் பர்மாவிலும் மலேயாவிலும் உழைத்துக் கூலி கொணர்ந்தோர் பெருகிய காலம் அது. இராமநாதபுரத்து ஆதிக்கக்காரர்கள் குடத்தைக் கண்டு பதறியதன் பொருள் இங்கே விளங்குகிறது. குடம் வாங்கியவன் நாளை முன்பணம் கேட்டு வாசலில் நிற்கமாட்டான். ஆடு மேய்க்கப் பிள்ளையை அனுப்பமாட்டான். அந்தப் பதினொரு தடைகளை ஒருசேரப் படித்தால் இது தெளிவாகும்: நிலத்தை விற்றுவிட வேண்டும், பண்ணையில் அடிமையாக உழைக்க வேண்டும், படிக்கக் கூடாது, பித்தளைக் குடம் தூக்கக் கூடாது. நான்கும் ஒரே கயிற்றின் புரிகள்.

ஆனால் சாத்திரம் என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன சொல்கிறது? மனுநூலின் ஐந்தாம் அத்தியாயம் பாண்டங்களைத் தூய்மை செய்யும் முறையைக் கூறுகிறது. செம்பு, இரும்பு, வெண்கலம், பித்தளை, ஈயம் இவற்றைச் சாம்பலாலும் புளிப்பாலும் நீராலும் துலக்கித் தூய்மையாக்கலாமாம். நன்று, நம் வீட்டுப் பெண்கள் மனுவைக் கேளாமலே புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குகிறார்கள். அதே நூலின் பத்தாம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். சண்டாளர் ஊருக்கு வெளியே வாழவேண்டும், உடைந்த கலத்தில் உண்ணவேண்டும், இரும்பையே அணியவேண்டும், பிணத்தின் ஆடையை உடுக்கவேண்டும். எச்சிற் பட்ட பித்தளைக்குக் கழுவாய் உண்டு. ஒரு பிடிப் புளி போதும். பிறந்த மனிதனுக்குக் கழுவாய் இல்லை! பாத்திரத்துக்குக் காட்டிய இரக்கத்தைப் பத்தில் ஒரு பங்கு மனிதனுக்குக் காட்டவில்லை அந்நூல்.

களிம்பைப் பற்றிய கதையும் இதே வகை. செம்பிலே களிம்பு உடன்பிறந்தது, அதுபோல் உயிரிலே ஆணவ மலம் உடன்பிறந்தது என்று சைவ சித்தாந்தம் உவமை கூறும். உவமை அழகு, ஆயினும் வேதியியல் வேறு சொல்கிறது. களிம்பு செம்போடு பிறந்ததன்று. காற்று, ஈரம், புளியின் அமிலம் இவை வெளியிலிருந்து வந்து செம்பைத் தாக்குவதால் விளைவது. மோரும் ரசமும் பித்தளையில் வைத்தால் பச்சை பூத்துக் குமட்டலும் வயிற்றுப் போக்கும் உண்டாவது இதனாலே. அதற்கு மருந்தும் மக்கள் கண்டார்கள். ஈயம் பூசுபவர் தெருமுனையில் குழி தோண்டி, துருத்தி வைத்து, கரிநெருப்பில் பாத்திரத்தைச் சுடுவார். சூடேறியதும் நவச்சாரத் தூளைத் தூவிப் பஞ்சால் தேய்ப்பார், வெண்புகை எழும், செம்பின் அழுக்குப்படலம் நீங்கும். அக்கணத்தில் வெள்ளீயக் குச்சியை இழுத்துத் துடைத்தால், பாத்திரத்தின் உட்புறம் வெள்ளிபோல் மின்னும். தலைவிதி என்று சொல்லப்பட்ட களிம்பை அரை மணி நேரத்தில் தடுத்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார் அந்தத் தத்துவஞானி.

தோழர்களே, இராமநாதபுரத்திலே தடை விதித்தோர் வேதம் ஓதியவர்கள் அல்லர் என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. மனுவின் சுலோகம் ஒன்றையும் அறியாதவர்கள் மனுவின் ஆணையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினார்கள். அக்கிரகாரத்தை மட்டும் சுட்டிக்காட்டிவிட்டு நம் தெருவை நாம் விட்டுவிட முடியாது. இக்கொடுமை நம் மாவட்டங்களோடு நின்றதுமில்லை. குசராத்தில் அகமதாபாத் மாவட்டத்துச் சானு என்னும் ஊரில், 1935 நவம்பரில், ஓரளவு வசதி பெற்ற தீண்டப்படாத வகுப்புப் பெண்கள் உலோகக் குடங்களில் தண்ணீர் எடுக்கத் தொடங்கினர். அது தங்கள் மதிப்புக்கு இழுக்கு என்று சொல்லி, சாதி இந்துக்கள் அப்பெண்களைத் தாக்கினர். அம்பேத்கர் 1936-இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ என்ற உரையில் இதை எடுத்துரைத்தார். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், 1915-இல், கொல்லத்தை அடுத்த பெரினாட்டில் அய்யன்காளியின் அழைப்பைக் கேட்டுப் புலையப் பெண்கள் அடிமைச் சின்னமான கல்மாலைகளை அறுத்தெறிந்தனர். கழுத்தில் கல், கையில் மண், இதற்குமேல் ஏறக்கூடாது என்பதுதான் மேற்கிலும் தெற்கிலும் ஒரே சட்டமாக இருந்தது.

இந்நிலையில், ஏழாயிரம் கல் தொலைவிலே, இந்தக் கதையையே அறியாத ஒருவர் நம் அடுக்களையை மாற்றினார். இங்கிலாந்தின் செப்பீல்டு நகரத்து ஆரி பிரியர்லி, எஃகு உருக்கும் தொழிலாளியின் மகன். பன்னிரண்டு வயதளவில் பள்ளியை விட்டவர். ஓர் எஃகு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் சீசா கழுவும் பையனாகச் சேர்ந்து, இரவில் படித்து, ஆய்வாளராக உயர்ந்தார். துப்பாக்கிக் குழாயின் உட்புறம் தேய்ந்துபோவதைத் தடுக்கும் எஃகைத் தேடியவர், 1913 ஆகஸ்டில் நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியம் சேர்த்த எஃகை வார்த்தார். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக அமிலத்தால் அரிக்க முயன்றபோது அது அரிபடவில்லை! வினிகரும் எலுமிச்சைச் சாறும் அதன்முன் தோற்றன. துப்பாக்கியைத் தேடியவர் கண்டது சமையலறையை. தொடக்கத்தில் கத்தி செய்தவர்கள் இதைத் தீட்ட வராது என்று கேலி பேசினார்கள். பிறகு குரோமியம் 18, நிக்கல் 8 என்ற கலவை வந்ததும் தகட்டை அழுத்திக் கிண்ணமாக்குவது எளிதாயிற்று. குரோமியம் காற்றோடு சேர்ந்து எஃகின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை விரிக்கிறது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் சில இலட்சத்தில் ஒரு பங்கு. கீறினால் உடனே தானே மூடிக்கொள்ளும். புளி, மோர், எலுமிச்சை எதுவும் உள்ளே புகாது.

நம் மக்கள் அதற்கு எவர்சில்வர் என்று பெயரிட்டனர். அதிலே வெள்ளி ஒரு குன்றிமணியும் இல்லை. ஆனாலும் பெயரில் ஒரு நியாயம் உண்டு: வெள்ளிக் கிண்ணத்துக்கு வழியற்றவர் வீட்டில் வெள்ளிபோல் மின்னியது அது. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் என்று தெருவில் கூவினார்கள், தவணையில் வாங்கினார்கள், திருமணப் பரிசாகத் தந்து பெயர் பொறித்துக் கொண்டார்கள். ஈயம் பூசுபவரின் துருத்தி மெல்ல மெல்ல ஓய்ந்தது. சேலத்திலே உருக்காலை வேண்டும் என்று 1967-இல் அண்ணா அரசு எழுச்சி நாள் கொண்டாடிக் குரல் எழுப்பியது. 1970-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் ஆலை இயங்கி, துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை உருட்டத் தொடங்கியது. மண்ணும் பித்தளையும் வகுத்த கோட்டை, குரோமியம் வந்து அழித்தது போல் தோன்றிற்று. ஒரு தட்டை எடுத்துப் பார்த்து, அது எந்தத் தெருவினது என்று சொல்ல முடியாத நிலை வீட்டுக்குள் வந்துவிட்டது.

வீட்டுக்குள் வந்தது, வீதியிலே வந்ததா? 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் (1976 முதல் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது) நான்காம் பிரிவில் உணவு விடுதிகளில் புழங்கும் பாத்திரங்களைக் குறிப்பாகவே எடுத்துரைக்கிறது. பொதுமக்களுக்கென வைத்த பாத்திரத்தைத் தீண்டாமை காரணமாக ஒருவருக்கு மறுத்தால் குற்றம். சட்டம் எழுதியவர்களுக்குப் பாத்திரத்தின் வரலாறு தெரிந்திருக்கிறது. இருந்தும், தேநீர்க் கடைகளிலே இரட்டைக் குவளை முறை அதற்குப் பின்பும் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ்நாட்டிலிருந்தே செய்தியாகி வந்திருக்கிறது. சாதியார்க்கு மின்னும் எவர்சில்வர். மற்றவர்க்கு ஓரம் நசுங்கிய அலுமினியம், அல்லது கொட்டாங்கச்சி. குடித்தவர் தாமே கழுவி, கூரை எரவாணத்திலோ தனிப் பலகையிலோ வைத்துவிட்டுப் போகவேண்டும்.

இயக்கத்தாரும் சட்டமும் நெருக்கியபின், சில ஊர்களில் கடைக்காரர்கள் புதுவழி கண்டனர். பழைய வாடிக்கையாளர்க்கு எவர்சில்வர் அப்படியே இருந்தது. சேரியிலிருந்து வருவோர்க்கு மட்டும் ஒருமுறை குடித்து எறியும் காகிதக் குவளையும் பிளாஸ்டிக் குவளையும் வந்தன. இரட்டைக் குவளை எங்கே என்று அதிகாரி கேட்டால் காட்டுவதற்குக் கடையில் ஒரே வகைக் குவளைதான் அடுக்கியிருக்கும். மற்றொன்று நசுங்கிக் கடைக்குப் பின்னே கிடக்கும்.